பதினேழு படங்களில் ஒரே கீறல்

ரியெக்கா கப்பல் பட்டறையில்
வெல்டிங் இணைப்புகளை எக்ஸ்ரேயில் படித்துச் சொல்வது எங்கள் வேலை.
எங்கள் என்றால் நானும் லியெர்க்கா பதுரினாவும்,
ஜன்னல் இல்லாத அறையும், ஒரு விளக்குப் பெட்டியும்.

மார்ச்சில் வந்தன அந்தப் படங்கள்.
பயணிகள் படகு, வாகனத் தளத்துக்குக் கீழே, பதினேழு இணைப்புகள்.
பதினேழிலும் குறையில்லை.
பதினேழிலும் இடது ஓரத்தில்
பூனை நகம் பட்டதுபோல் ஒரே கீறல்.

ஒரே இணைப்பைப் பதினேழாகப் பிரதி எடுத்திருக்கிறார்கள்.
நானும் பார்த்தேன்.
பார்த்துவிட்டு
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

அவள் மேலாளரிடம் போனாள். அவர் சிரித்தார்.
பன்னிரண்டு பக்கம் எழுதினாள், துறைமுக ஆணையத்துக்கு.
பெயர் போடாமல் அனுப்பலாமே என்றேன்.
மொட்டைக் கடிதத்தை
யார் முத்திரை குத்தி வாங்குவார்கள் என்றாள்.

காட்டிக்கொடுத்தவள் என்றது காண்டீன்.
காட்டினாள், சரி.
கொடுத்தது எதை, யாரிடம்?
உப்பிட்டவரை நினைக்க வேண்டாமா என்றான் பெரிஸ்லாவ்,
படங்களில் கையெழுத்திட்டவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.
உப்பு.
வெளியே கடல் முழுக்க அதுதான் நிற்கிறது,
பொய்யான இணைப்பை மோப்பம் பிடித்தபடி.

சட்டம் அவளைக் கைவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.
வேலைநீக்கக் கடிதம் ஐந்தாம் வாரம் ரத்தானது.
இது பழிவாங்கல் இல்லையென்று நிறுவும் பாரம்
நிறுவனத்தின் தலையில் என்றார் நீதிபதி.
பதவி உயர்வு கிடைக்காத கோபம்தானே என்று
குடைந்தார் எதிர்த்தரப்பு வக்கீல்.
"கோபம் உண்டு. கீறலும் உண்டு."

சம்பளம் திரும்பியது. நாற்காலி திரும்பியது.
காபி மிஷினருகே அவள் வந்ததும்
கலையும் கூட்டத்துக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.
யாரோ ஒருவரின் பிறந்தநாள் கேக்கில்
அவளுக்கென்று வெட்டிய துண்டு
மாலைவரை காய்ந்தது. யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.
நான் என் துண்டைத் தின்றேன்.

படகை மறுபடி கரையேற்றினார்கள்.
நான்கு இணைப்புகளில் விரிசல்.
நடக்காத விபத்து
எந்தச் செய்தித்தாளிலும் வராது.

ஆகஸ்டில் என் தங்கை குழந்தைகளோடு
அதே படகில் ட்ஸ்ரெஸ் தீவுக்குப் போனாள்.
துறையில் நின்று கையசைத்தேன், கப்பல் புள்ளியாகும்வரை.
லியெர்க்காவிடம் சொல்ல வேண்டும் என்று
மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று விளக்கை அணைக்கப் போனவள் நின்று
ஒரு படத்தை என் பக்கம் நகர்த்தினாள்.
"நீ பார்."

கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கிறது.