நாற்பத்தேழாம் வரி

ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டு மாடி.
கீழே கோப்பிக்கடை.
மேலே இருபத்திரண்டு மடிக்கணினிகள்,
மின்சாரத்துக்கு இரண்டே இரண்டு நீட்டுக் கம்பிகள்.
பயிற்சியின் மூன்றாம் நாள்.

பலகையில் இங் வெய் ஷான் எழுதினாள்:
உங்கள் கட்டுரையையும் கோப்பையும்
பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.
பிறகு வாயைத் திறக்காதீர்கள்.

என் பக்கத்தில் ஹுஸ்னா.
கோத்தா பாருவிலிருந்து இரவுப் பேருந்தில் வந்தவள்,
எலும்பு அடர்த்தி ஆய்வுக்காரி.
நான் கொடுத்தது நடைவேகம்.
அறுபது தாண்டிய இருநூற்றுப் பதின்மூன்று பேர்,
நான்கு மீட்டர் தூரம்,
மூன்று ஆண்டு,
ஒரு முனைவர் பட்டம்.

பேசக்கூடாது என்பதால்
மஞ்சள் ஒட்டுத்தாளில் மலாயில் எழுதி நகர்த்தினாள்:
கால் கோட்டைத் தொட்டதும் கடிகாரத்தை நிறுத்தினாயா,
தாண்டியதுமா?

என் கட்டைவிரலுக்குத் தெரியும்.
கட்டுரைக்குத் தெரியாது.

செருப்போடா, இல்லாமலா?

ஆயர் ஈத்தாமில் செருப்போடு.
பட்டர்வொர்த்தில் வெறுங்காலோடு,
அது கோயில் மண்டபம்.
எழுதி வைக்கவில்லை.
எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தேன்.
எல்லாரும் என்றால் நானும் மகேந்திரனும்.
மகேந்திரன் இப்போது ஜொகூரில் காப்புறுதி விற்கிறான்.

வெறும் வயிற்றில் வந்தவர்கள் எத்தனை பேர்?

படிவத்தில் இருந்தது
உண்ணாநிலை: ஆம், இல்லை.
நாங்கள் வாயால் கேட்டதோ
"பசியாறிட்டீங்களா?"
கேள்வியா அது, வணக்கமா?
ஆச்சும்மா, ஆச்சு என்றார்கள்
அத்தனை பேரும்,
பசியாறாதவர்களும்.

பிற்பகல் மழை. தகரத்தில் அது போட்ட சத்தத்தில்
விசிறியின் சத்தம் காணாமல் போனது.
ஹுஸ்னாவின் திரையில் ஓர் எண் வந்து நின்றது.
என் கட்டுரையில் பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று.
அவள் திரையில் பூஜ்யம் புள்ளி ஒன்று ஒன்பது.
விதை எண்ணை நிலையாக வைத்து மறுபடி ஓட்டினாள்.
அதே.
மறுபடி.
அதே.

மூலக்கோப்பில் இருநூற்று இருபத்திரண்டு வரிகள்.
ஒன்பது பேரை எங்கே விட்டாய் என்று
அவள் எழுதவில்லை.
ஒன்பது என்று மட்டும் எழுதி
வட்டம் போட்டாள்.

சுத்தம் செய்தேன்.
இந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்வோம்,
துடைப்பம் எடுத்தவர்கள் போல.

வரி நாற்பத்தேழு: சூ தியாம் ஹோக்.
வயது எழுபத்து நான்கு.
பெர்ரியில் இயந்திர அறை வேலை, ஓய்வு பெற்றவர்.
நான்கு மீட்டருக்கு முப்பத்தெட்டு விநாடி.

அந்த மண்டபம் எனக்கு நினைவிருக்கிறது.
இரண்டாவது மீட்டரில் பெர்ரி ஊதியது.
அவர் நின்றார். சன்னல் பக்கம் தலை திருப்பினார்.
எதையோ எண்ணுவதுபோல் உதடு அசைந்தது.
கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது என் கையில்.
பிறகு நடந்தார்.

நின்றது முதுமையா, கப்பலா?
அவரைக் கேட்டிருக்கலாம்.
மூன்றடி தூரத்தில்தான் நின்றேன்.
கேட்காமல், இரவு பதினொன்றரைக்கு,
கட்டிலில் உட்கார்ந்து
வரியைத் தேர்ந்து அழித்தேன்.
அழித்ததற்கு ஓர் ஒலிகூட இல்லை.

மற்ற எட்டுப் பேரை
யார் என்றே நினைவில்லை.

ஐந்து மணிக்கு வாய் திறக்க அனுமதி.
யாரும் திறக்கவில்லை.
தைப்பிங்கிலிருந்து வந்த பையன்
தன் திரையைப் பாதி மூடி வைத்திருந்தான்.
வெய் ஷான் தன் பழைய கட்டுரை ஒன்றைக் காட்டினாள்,
திரும்பப் பெறப்பட்டது என்ற முத்திரையோடு.
"இதற்குப் பிறகும் வேலை கிடைத்தது" என்றாள்.
இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் புதிய கோப்பு திறந்தேன்.
கோடு: மஞ்சள் நாடா, ஐந்து செண்டிமீட்டர் அகலம்.
முன்கால் முழுதும் தாண்டியதும் நிறுத்துக.
காலணி: ஆம், இல்லை, இடத்தின் பெயர்.
கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள் எனக் கேட்க.
பசியாறினீர்களா என்று கேட்க வேண்டாம்.
நடுவில் நின்றால் நிறுத்தாதே; ஏன் என்று கேள்,
சொன்னதைச் சொன்னபடி எழுது.

இதழுக்கு ஒரு கடிதம்.
முதல் வரியை நான்கு முறை மாற்றினேன்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹுஸ்னா கேட்டாள்,
இந்த முறை வாயால்:
நின்றாரே, மறுபடி நடந்தபோது
எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தார்?

அது எந்தக் கோப்பிலும் இல்லை.