இன்னும் கொஞ்சம் அக்கட்ட

போகி மத்தியானத்திலிருந்து
திருப்பூருக்குக் காது கேட்கிறது.
வருசம் முழுக்க ஓடிய நிட்டிங் மெஷின்கள் நின்று
அடுத்த தெரு நாய் கொட்டாவி விடுவதுவரை
தெளிவாக விழுகிறது.

என் லைன் வீட்டில் ஆறு கதவு.
ஐந்தில் பூட்டு.
மன்னார்குடி, சங்கரன்கோவில், பலாங்கீர் என்று
அவரவர் ஊருக்கு அவரவர் ரயில்.
சாவிகளையும் ஒரு துளசித் தொட்டியையும்
அடைகாக்கும் ஒரு கோழியையும் என்னிடம் விட்டு
"வர்றோங்க்கா" என்று போய்விட்டார்கள்.
அறுபத்தெட்டு வயதில்
என்னை நம்பி இத்தனை சாவி.

இருபது ரூபாய்க்கு ஒரு கட்டு.
ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை.
இருட்டுவதற்குள் ஆறு நிலவுக்கும் காப்புக் கட்ட வேண்டும்.
போன வருசம் ஸ்டூல் போட்டு நானே கட்டினேன்.
இந்த வருசம் வலது கை
தோளுக்கு மேல் போவதில்லை.
முதலாளி அறைக்குச் சம்பளம் கேட்கப் போகிறவன் மாதிரி
பாதி வழியில் நின்றுவிடுகிறது.
மகளுக்கு ஓசூரில் லீவு இல்லை.
எட்டு மணிக்குக் கூப்பிடுவாள்.

பொழுது இறங்குகிற நேரம்
கேட்டுக்கு வெளியே ஓர் ஆட்டோ.
இறங்கியது தெய்வாத்தாள்,
என் ஓரகத்தி.
பத்தொன்பது வருசம் நாங்கள் பேசவில்லை,
ஒரு கிணற்றின் கால் பங்குக்காக.
அந்தக் கிணற்றின் மேல் இப்போது பெட்ரோல் பங்க்.
காற்று இலவசம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள்.

கையில் காப்புக் கட்டு.
என்னைப் பார்த்தல்ல,
எனக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்:
"கண்ணு ரெண்டும் பொகையாட்டம் இருக்குது சம்பூர்ணம்.
என்ற வீட்டு நெலவு எங்கிருக்குதுன்னே தெரியல.
வந்து கட்டித் தர்றியா?"

"என்ற கை மேல போகாது" என்றேன்.

பத்தொன்பது வருசம் கழித்து
நான் அவளிடம் சொன்ன முதல் வாக்கியம்.
வேறொன்று வைத்திருந்தேன்,
குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தது,
நல்ல காரமாக.
அவள் சிரித்த சிரிப்பில்
அதன் முதல் சொல் எதுவென்றே மறந்துவிட்டது.

அவள் நெட்டை. ஸ்டூல் வேண்டாம்.
புதுப்பெண்ணாக வந்த நாளில்
அந்த உயரத்துக்காகவே அவளைப் பிடிக்காமல் போனது எனக்கு.
"இக்கட்ட. இல்ல, அக்கட்ட.
இன்னும் கொஞ்சம் அக்கட்ட.
ஆணி இருக்குது பாரு."
"பாக்கறதுக்குத்தான் நீ இருக்கறியே."
மூன்றாம் கதவில் விரலைக் குத்திக்கொண்டாள்.
ஐந்தாம் கதவில் பூவெல்லாம் தலைகீழ்.
இருக்கட்டும் என்றேன்,
வந்து பார்க்கப் போகிறவன் பலாங்கீர்க்காரன்.

நன்றி என்ற சொல்
எங்கள் வீடுகளில் புழங்கியதில்லை.
கல்யாணப் பத்திரிகையின் அடியில் இருக்கும்,
ஊர் எல்லைப் பலகையின் முதுகில் இருக்கும்.
சொன்னால்
வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்களோ என்று பயம்.
"அரிசீம்பருப்பு ஆக்கியிருக்கறேன். உண்டுட்டுப் போ.
அப்பறம் உன்ற வீட்டு நெலவுக்குப் போலாம்."
"நெய் ஜாஸ்தி ஊத்தாத" என்றாள்.
ஊற்றினேன்.
ஆட்டோக்காரப் பையனும்
மீட்டரை மறந்து இரண்டாம் முறை வாங்கிக்கொண்டான்.

எட்டு மணிக்கு மகள், வீடியோவில்.
"யாரும்மா அது, பக்கத்துல?"
"உன்ற பெரியம்மா."
வாய்க்கு அந்தச் சொல் மறந்திருக்கவில்லை.

தெய்வாத்தாள் முந்தானையைச் சரிசெய்தாள்.
குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாக,
"நல்லா இருக்கறியா கண்ணு?
எளைச்சுட்டயாட்டத் தெரியுதே" என்று
கேஸ் சிலிண்டரைக் கேட்டாள்.

நான் திருத்தவில்லை.
போனைத் தூக்கிக்கொண்டு போய்
சிலிண்டரின் மேல் வைத்தேன்.