தட்டுக்கு முப்பது

புதுச்சத்திரம் தாண்டி உள்ளே போனால்
பண்ணை நாற்றம்தான் முதலில் கும்பிடு போடும்.
ஊசி போடுவது ராத்திரியில்.
வெளிச்சத்தில் பிடித்தால் கோழி மிரளும்,
மிரண்டால் முட்டை குறையும்,
முட்டை குறைந்தால் முதலாளி மிரளுவார்.

பாவாயி பிடித்துக் கொடுப்பாள், நான் குத்துவேன்.
வெள்ளைக் கழிச்சலுக்கு ஒன்று, அம்மைக்கு ஒன்று.
இத்துனூண்டு கொண்டைக்காரிக்கு
எத்தனை காவல்!
என் உடம்பில் இருப்பதற்கு
தடுப்பூசி இன்னும் வரவில்லை.
மாத்திரை இருக்கிறது.
டப்பாவுக்கு முப்பது.
முட்டையும் தட்டுக்கு முப்பதுதான்,
எண்ணத் தெரிந்தவளுக்கு அது போதும்.

அர்த்தநாரிக்கு எண்ண வரவில்லை.
ரிக் வண்டியில் ராய்ப்பூர் பக்கம் போய்
எண்ணூறு அடி, ஆயிரத்து இருநூறு அடி என்று
குழாய்க் கணக்கைப் பிசகாமல் வைத்திருந்தவன்,
"மேலு நல்லாத்தான இருக்குது" என்று
நாலாம் மாசம் டப்பாவை மூடினான்.
இருமல் வந்தது. சளியில் காசம் என்றார்கள்.
பெருந்துறை ஆஸ்பத்திரியிலிருந்து
அவன் சட்டைப்பைச் சீப்பும் நானும்
ஒரே பஸ்ஸில் திரும்பினோம்.

எனக்குத் தெரிய வந்தது அதற்கும் முன்னால்.
வயிற்றில் மூன்றாம் மாசம்,
எல்லோருக்கும் எடுக்கிற ரத்தம்,
எனக்கு மட்டும் மறுபடி எடுத்தார்கள்.
நம்பிக்கை மையம் என்று பலகை.
உள்ளே இருந்த அம்மணி ஃபேனை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.
ஃபேனை ஏன் நிறுத்தினாள் என்று
இன்னும் யோசிக்கிறேன்.
கொசு கொண்டு போகாது, டம்ளர் கொண்டு போகாது,
ஒரே தட்டில் சோறுண்டாலும் ஒட்டாது,
உறையில்லாத படுக்கை, ரத்தம், ஊசி, அப்புறம் தாய்.
மற்றதெல்லாம் காதோடு போயிற்று.
'தாய்' மட்டும் உள்ளே இறங்கியது.

அன்றைக்கே முதல் மாத்திரை.
பிள்ளை பிறந்ததும் அவள் வாய்க்கும் ஒரு சிரப்,
சொட்டுக் கணக்கில்.
ஆறாம் வாரம் குதிகாலில் ஒரு குத்து.
பதினெட்டாம் மாசம் கடைசிக் குத்து.
காகிதத்தில் 'இல்லை' என்று இருந்தது.
அந்தக் காகிதத்தை மடிக்கத் தெரியாமல்
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விரித்தே பிடித்து வந்தேன்.

என் காகிதத்தில் இப்போது
'கண்டறிய இயலாத அளவு'.
இருக்கிறது, எண்ணிக்கைக்கு அகப்படவில்லை.
இப்படியே இருந்தால் படுக்கையில் யாருக்கும் தாண்டாது
என்கிறார் டாக்டர்.
மாத்திரையை விட்டால் கூண்டு திறந்த மாதிரிதான்.

நேற்று ஏழாம் வரிசையில்
ஒரு கோழி திமிறியது.
ஊசி என் கட்டைவிரலில்.
பாவாயி முந்தானையோடு பாய்ந்து வந்தாள்,
விரலை வாயிலேயே வைத்துவிடுவாள் போல.
"தொடாதே!"
கத்தியே விட்டேன்.
கொட்டகை முழுக்கக் கொக்கரித்து அடங்கியது.
காகிதம் என்ன சொன்னாலும் ரத்தம் ரத்தம்தான்.
நானே கழுவினேன், நானே கட்டினேன்,
ஊசியைக் கழற்றித் தனி டப்பாவில் போட்டேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
நாலு வருசமாகச் சேர்த்து வைத்தது
நாலே வார்த்தையில் தீர்ந்து போனது.

பல்பைச் சுற்றிப் பூச்சி.
பாவாயி கையில் அடுத்த கோழி, றெக்கை மடங்கியபடி.
நாளைக்கு வேறு ஆள் கேட்பாளோ,
முதலாளி வீட்டுக்குப் போவாளோ,
டீ டம்ளரைத் தள்ளி வைப்பாளோ.

இடுப்பில் போன் அலறியது. ஒன்பது.

"தெனமும் இந்நேரத்துக்கு அடிக்குதே,
ஆரடா அது புதுசா ஒருத்தன்னு
நானும் நெனச்சுட்டேதான் இருந்தேன்" என்றாள்.
"போ புள்ள, போயி முழுங்கீட்டு வா.
அதுக்குள்ள இவளை நான் பாத்துக்கறேன்."

ஊசி பிடிக்கத் தெரியாது அவளுக்கு.
அந்தக் கோழி தப்பித்த கதை தனி.

டப்பாவில் இருபத்தேழு இருந்தது.
இருபத்தாறு.