ஒரு விரற்கடை

திங்களும் வெள்ளியும் பம்பை நிறுத்துவேன்.
மேல்தொட்டித் தண்ணீர் கடகடவென்று இறங்கி
கீழ்த்தொட்டியில் நான் போட்ட மார்க்கர் கோட்டுக்கு
அரை அங்குலம் முன்னாலேயே நின்றுகொள்ளும்.
அந்தக் கோட்டைச் சொல்லித்தந்தது ஈரத் தரைதான்.
மண்டபம் முழுக்கக் கரண்ட் போன ஒரு ராத்திரி
விடியும்வரை துடைத்தேன்.

வருகிறவர்கள் மேலே பார்ப்பது பவளம்.
சிமெண்ட் வில்லைகளில் ஒட்டிய விரல்நீளத் துண்டுகள்,
கச்சான் ஓய்ந்ததும் பாருக்கே திரும்பப் போகிறவை.
எனக்கு அலமாரிக் கதவுக்குப் பின்னால்
மூன்று தடுப்புக் கண்ணாடி, ஒரு வடிகட்டும் துணிப்பை,
ஓட்டம் சோம்பிப்போகிற அந்த இரண்டாவது மூலை.
மண்டி அங்கேதான் இறங்கும்.

காப்பித்தூள் நிறம். விரலில் தேய்த்தால் மாவு.
ஒருநாள் வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தேன்.
மீன் தின்னாமல் விட்டதும் தின்று விட்டதும்,
சல்லடைக்குத் தப்பிக் கடல்குழாய் வழியே வந்த மணலும்.
கொஞ்ச நேரம் கழித்து அதில் ஒன்று நடந்தது.
மிளகைவிடச் சின்ன நட்சத்திரம்,
ஐந்து நூல் கைகள்.
தட்டோடு கொண்டுபோய் உள்ளேயே கவிழ்த்தேன்.

ஆடியில் பெரிய அதிகாரி யாரோ வருகிறார் என்றார்கள்.
எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.
மூலை, இடுக்கு, கண்ணாடியின் வழவழப்புகூட.
தலையை உள்ளே விட்டுப் பல்துலக்கும் பிரஷால் சுரண்டினேன்.
சாயந்தரம் மூக்குத்தி மடியில் கிடந்தது,
திருகாணியைக் காணோம்.

பெருக்கினவன் ஆல்ட்ரின்.
நீ எடுத்தாயா என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
எல்லாரும் டீ குடிக்கும்போது, பொதுவாக,
"பொன்னுன்னா யாருக்கும் கண்ணு போகத்தானே செய்யும்" என்றேன்.
அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

அதிகாரி வரவில்லை.
மறுநாள் காலை மீன்கள் மேலே வந்து வாய் திறந்தன.
துண்டுகள் எல்லாம் மூடிக்கொண்டன, ராத்திரிக் கடைகள் மாதிரி.
ஜெய்னம்பு சொட்டு மருந்து விட்ட சோதனைக் குழாய்
மஞ்சளாக இருக்கவேண்டியது, பச்சை.
சேற்றில் குடியிருந்து நஞ்சைத் தின்கிறவை
சேற்றோடு போய்விட்டன.
மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி
தொட்டியைச் சரிசெய்துவிட்டோம்.
தொட்டியை.

அதற்கப்புறம் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்:
பாதி மூலை இந்த வாரம், பாதி அடுத்த வாரம்.
அடியில் ஒரு விரற்கடை இருக்கட்டும்.
அதற்கு மேல் விட்டாலும் ஆகாது,
முட்டை அழுகின வாடை வந்துவிடும்,
கறுத்த மண்ணை அப்போது தொடவும் பயம்.

இன்றைக்குத் தை வெள்ளி.
குழாயை வாயால் உறிஞ்சித்தான் தொடங்கவேண்டும்,
எவ்வளவு பழகினாலும் ஒரு வாய் உப்பு நிச்சயம்.
குழாய்முனையை மண்டிமேல் மெல்ல ஓட்டினேன்,
பழுப்பு நூலாக ஏறி வாளிக்குப் போனது.
நடுவில் டிக் என்று ஒரு சத்தம்.
பை வழியே வடித்தேன்.

அடையாளம் தெரியவில்லை முதலில்.
பாசிக்குப் போட்ட விளக்கு வெளிச்சம் அந்த மூலைவரை எட்டுகிறதுபோல.
திருகாணிமேல் ரோஜா நிறத்தில் கல்லோடு படர்ந்திருந்தது,
பாரில் பாறைகள்மேல் படருமே, அது.
மரையில் ஒரு பக்கம் மட்டும் இன்னும் பொன்.
சுரண்ட நகத்தை வைத்தேன்,
வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.

நோட்டில் எழுதினேன்: எடுத்தது மூன்று குவளை.
அதற்குக் கீழே பேனா நின்றது.

கலங்கல் அடங்க அரை மணி ஆகும்,
அதுவரை பம்பைப் போடக்கூடாது.
ஜெய்னம்புவிடம் ஆல்ட்ரின் நம்பர் கேட்டேன்.
பாம்பனில் ஐஸ் கம்பெனியில் நிற்கிறான், எதுக்கு என்றாள்.
உள்ளங்கையைத் திறந்தேன்.
அவள் சோதனைக் குழாயைக் கீழே வைத்துவிட்டு
நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.

ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே
"யாரு" என்கிறான்,
"யாரு, சத்தமாச் சொல்லுங்க."
வாயில் இன்னும் அந்த உப்பு.