இரண்டாம் பலகை

மாசி பிறந்த மூன்றாம் நாள்
மண்டல மையத்தைத் திறந்தார்கள்.
அத்திப்பட்டு ஸ்டேஷனிலிருந்து
ஷேர் ஆட்டோவில் பதினைந்து ரூபாய்.
முகப்பில் 'புதுப்பிக்கத்தக்க' என்ற சொல்
இடம் போதாமல் இரண்டு வரியாக உடைந்திருந்தது.
நாடா வெட்டும் நேரம் பார்த்து கரண்ட் போனது.
மைக்குக்கு டீசல் ஜெனரேட்டர் வாடகைக்கு வந்தது.
யாரும் சிரிக்கவில்லை.
நான் குறித்துக்கொண்டேன்:
நாற்பது நிமிடம், இரண்டு லிட்டர்.
குறிப்பதுதான் எனக்கு வேலை.

மொட்டைமாடியில் இரண்டு சூரியப் பலகைகள்.
ஒரே கம்பெனி, ஒரே சாய்வு, ஒரே வெயில்.
முதலாவதை தினமும் கழுவ வேண்டும்,
இரண்டாவதை ஆறு மாதம் தொடக் கூடாது.
கிழக்கே புகைபோக்கிகள்.
காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால்
சாம்பலும் வரும்.

கழுவுகிறவள் ஏகவல்லி.
கழிமுகச் சேற்றில் இறால் தடவிய கை
கண்ணாடி மேலும் அப்படியே,
விரல் விரித்து, பார்க்காமல் நகரும்.
முதல் வாரமே கேட்டாள்:
"அது இன்னா பாவம் பண்ணுச்சு மேடம்?"
சாம்பல் எவ்வளவு வெளிச்சத்தைத் தின்கிறது
என்று அளக்கிறோம் என்றேன்.
"அதுக்கா இம்மாம் பெரிய பில்டிங்கு?
எங்க வூட்டுக் கொடில காயுற
யூனிஃபார்ம் சட்டையக் கேட்டிருந்தா சொல்லியிருக்குமே."

பங்குனியில் பதினொரு சதவீதம்.
வைகாசியில் பத்தொன்பது.
இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே வைக்காதீர்
என்று ஸ்டிக்கர் ஒட்டிய அறையில்
"நல்ல டேட்டா" என்றார் இயக்குநர்.
நல்ல என்ற சொல்
அவர் எழுந்து போன பிறகும்
அங்கேயே உட்கார்ந்திருந்தது.

ஆனியில் ஒரு வியாழன்.
காலை எட்டு பத்துக்கு
வரைபடத்தில் இரண்டு கோடும் சேர்ந்தன.
சாயங்காலம் வரை பிரியவே இல்லை.
மாடிக்கு ஓடினேன்.
இரண்டாம் பலகையில் வானம் தெரிந்தது.
ஓரத்தில், பிழிந்து காய்ந்த துணி ஒன்று.
விரித்தால் சட்டை.
பையில் பள்ளி முத்திரை பாதி.
ஏகவல்லி எங்கே என்றேன்.
வந்ததும் கழுவிவிட்டு
உடனே கிளம்பிவிட்டாளாம்.
பையனுக்கு மூச்சிழுப்பு,
ஸ்டான்லியில் இருக்கிறாள் என்றார் வாட்ச்மேன்.

சோதனை கெட்டது.
பதிவேட்டில் 'காரணம்' என்றொரு கட்டம்,
காலியாக விட்டால் கணினி ஏற்காது.
'மழை' என்று அடித்தேன்.

வெளியே மேகத்தின் நிழல்கூட இல்லை.
கையெழுத்துப் போடும்முன் இயக்குநர்
ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"எத்தனை மில்லிமீட்டர்?"

ஒரு வாளி.
வாய்வரை வந்தது.