பச்சைப் புள்ளி

பனி எத்தனை மணிக்கு விழும் என்று
வானிலை அலுவலகம் சொல்லும்.
நான் எத்தனை மணிக்கு எழுவேன் என்று
பனி சொல்லும்.

ஔலு நகரத்தின் பனிக்கலப்பை வண்டியில்
எனக்கு இது பதினோராவது குளிர்காலம்.
இரவு இரண்டுக்குத் தொடங்கினால்
துய்ரா பாலம், மருத்துவமனை வளைவு,
எட்டு மணிக்குள் பள்ளிக்கூடச் சந்துகள்.
நான் ஒதுக்கும் பனி
யாருடைய வாசலையாவது அடைத்துக்கொள்ளும்.
அவர்கள் போன் செய்து திட்டுவார்கள்.
திட்டு வாங்குவது ஓஸ்ஸியின் வேலை.

மீதி நேரத்தில் நாவல்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஒரு பெண் கதவுக் குமிழில் கை வைத்து நிற்கிறாள்
மார்ச் மாதத்திலிருந்து.
இது நவம்பர்.

அந்த மீதியிலும் மீதி இருந்தால்
கலங்கரை விளக்கங்கள்.
திரைக்குள் ஒரு கடல், நாற்பது தீவுகள்.
படகில் எண்ணெய் கொண்டுபோக வேண்டும்,
கண்ணாடியைத் துடைக்க வேண்டும்,
திரியைத் தூண்ட வேண்டும்.
சுட யாருமில்லை. புள்ளிக் கணக்கில்லை.
இருபத்து மூன்று ஏற்றியிருக்கிறேன்.
நேற்று ஏற்றியது இன்றும் எரிகிறது.
நேற்றுத் தள்ளிய பனியைப் பற்றி
அப்படி ஒன்றும் சொல்ல முடியாது.

ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினேன்:
செவ்வாய், புதன் எழுத்து.
சனி விளையாட்டு, ஒன்பது முதல் பதினொன்று வரை.
செவ்வாய் பனி விழுந்தது.
புதனும் விழுந்தது.
சனிக்கிழமை வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது,
நான் பூட்ஸோடு தூங்கிப்போனேன்.

வியாழக்கிழமைகளில் நூலக மாடியில்
நாங்கள் நான்கு பேர், எழுதியதை வாசிக்க.
ஹன்னெஸ் பீங்கான் பல் செய்கிறவர்.
பல்லுக்கு நிறம் பார்த்த பழக்கத்தில்
எங்கள் வாக்கியங்களையும்
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.
"நேரம் கிடைக்காது, எடுத்துக்கொள்ள வேண்டும்.
ஐந்தரைக்கு எழுகிறேன். ஐந்நூறு சொல்.
அதற்கப்புறம்தான் காப்பி."
நான் தலையாட்டினேன்.
ஐந்தரைக்கு நான்
மருத்துவமனை வளைவில் இருப்பேன் என்று சொல்லவில்லை.
"இந்த வாரம் எழுத்து மட்டும், சரியா?" என்றார்.
சரி என்றேன்.

அடுத்த செவ்வாய். இரவு பதினொன்று நாற்பது.
வெளியே பனி இல்லை, சாக்கும் இல்லை.
ஒரே ஒரு விளக்கு, அப்புறம்
அந்தப் பெண்ணை வீட்டுக்குள் அனுப்பிவிடலாம் என்று
படகை எடுத்தேன்.

வடக்குத் தீவுகளில் மூடுபனி.
அதற்குள்ளிருந்து இன்னொரு படகு வந்தது.
பாய்மரத்துக்கு மேல் பெயர்:
பீங்கான்_ஹன்னெஸ்.
பக்கத்தில் பச்சைப் புள்ளி.

என் பெயரும் என் தலைக்கு மேலேதான் இருந்தது.
புனைபெயர் வைக்கத் தோன்றாத
நாவலாசிரியை நான்.

கையும் களவுமாக, சரி.
பிடித்தது யார், பிடிபட்டது யார்?
தேள் கொட்டிய திருடர்களாக
இரண்டு படகும் வாய்மூடி நின்றன.
இந்நேரம் விழித்திருக்கிறவர்
ஐந்தரைக்கு எப்படி எழுவார் என்று நான் கணக்குப் போட்டேன்.
அவரும் ஏதோ போட்டிருப்பார்.

புள்ளி அணைந்தது.
படகு மட்டும் அங்கேயே,
கண்ணை மூடிக்கொண்டால்
உலகம் இருட்டிவிடும் என்று நம்பும் பூனைபோல.
எட்டு நொடி.
மறுபடி பச்சை.

ஏதோ தட்டச்சு செய்தார். அழித்தார்.
மறுபடி தட்டச்சு. மறுபடி அழிப்பு.
என் பெயரடைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிய மனிதருக்கு
ஒரு வாக்கியம் வரவில்லை.
கடைசியில் பாறைமேல்
ஒரு டின் எண்ணெயை வைத்துவிட்டுப் போனார்.

இருபத்து நான்கு.

வியாழன் இரண்டு பக்கம் வாசித்தார்.
இரண்டாவது நன்றாக இருந்தது, சொன்னேன்.
"உங்கள் பெண்?"
"இன்னும் கதவுக்கு வெளியேதான்."
வழக்கமாக அவர் புருவம் உயரும் இடம் அது.
அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி,
"அங்கே மூடுபனியோ?" என்றார்.

பிர்யெத்தா தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்:
மூடுபனி. நல்ல யோசனை.

சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
தெருவிளக்குக்குக் கீழே
முதல் துணுக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன.
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, ஓஸ்ஸி:
இரண்டு மணி. துய்ரா முதலில்.