ஒரு நாளைக்கு இரண்டு அடி

மூன்று யூரோ.
வயர் சுற்றிய பழைய பெட்டியும்
ஒரேயொரு கொன்ட்ரோலரும் சேர்த்து.
உள்ளே ஏற்கெனவே கிடந்த தட்டு கோல்ஃப்.
கார் ஓட்டம் இல்லையோ என்று இவர் கேட்டார்.
சந்தைக்காரன் தோளைக் குலுக்கினான்.

ஆட்டத்தைச் சேமிக்க ஒரு சின்ன அட்டை வேணுமாம்,
அது பன்னிரண்டு.
பெட்டியைப் போல் நாலு மடங்கு கொடுக்க
எங்களுக்கு மனம் வரவில்லை.
ஆகவே அணைப்பதில்லை.
ரீவியை மட்டும் அணைப்போம்.
இரவு முழுக்க, பகல் முழுக்க
அதற்குக் கீழே ஒரு பச்சைப் பொட்டு வெளிச்சம்.

இவருக்குப் பார்சல் கிடங்கில் இரவு வேலை.
எனக்கு முதியோர் இல்லத்துக் குசினியில்
மதியம் தொடங்கிப் பத்தரை வரை.
நான் படியேறும்போது இவர் பெல்ட்டின் முன்னால் நிற்பார்.
இவர் வந்து படுக்கும்போது
எனக்குப் பாதிக் கனவு மிச்சம் இருக்கும்.
ஃபோவிங்கெலில், எங்கள் யன்னலுக்கு நேரே
தொங்குரயில் போகும்.
அதில் போகிறவர்கள்
ஞாயிறு தவிர
எங்களைச் சேர்த்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

முதலில் குழிக்குக் குழி முறை வைத்தோம்.
பிறகு, ஏன் என்று தெரியாது, அடிக்கு அடி.
பின்னேரம் எழும்பித் தேத்தண்ணியோடு இவர் ஒன்று.
பதினொரு மணிக்குச் சப்பாத்தைக் கழற்றாமல் நான் ஒன்று.
கட்டம்போட்ட காற்சட்டை, மீசை வைத்த ஒருவன்
இருவருக்கும் பொதுவாக நிற்பான்.
ஒரு அமத்தல், கோடு ஏறும்.
இரண்டாவது, எவ்வளவு பலம்.
மூன்றாவது, நேரா கோணலா.
இவர் எப்போதும் பலத்தைக் கூட்டி நேரை விடுகிறவர்.
பந்து கிடக்கும் இடத்தைப் பார்த்தே
அன்றைக்கு இவருக்கு முதுகு நோவா இல்லையா
என்று சொல்லிவிடுவேன்.

வதனாவிடம் போனில் சொன்னேன்:
"ஒரு நாளைக்கு ரெண்டு அடி. அவர் ஒண்டு, நான் ஒண்டு."
அவள் அழுதுவிட்டாள்.
"அக்கா, பொலிசுக்குச் சொல்லு."
விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது.
இன்னும் முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை.

ஆட்டத்துக்குள் ஒரு ஜெர்மன் குரல் இருக்கிறது.
பிசகினால் "ஷாடே" என்னும், அடடா போச்சே என்கிற மாதிரி.
குசினியில் சூப்புக் கோப்பை விழுந்து உடைந்தபோது
அதே குரலில், அதே இழுவையில் சொன்னேன்.
ஃப்ராவ் கெர்ஸ்டிங் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.
வகுப்பில் கற்ற எந்த வாக்கியத்துக்கும்
அவள் அப்படிச் சிரித்ததில்லை.

பதினான்காம் குழியில் ஆட்டம் நின்றது.
யாருடையதோ சீட்டுக்கு இவர் கையெழுத்து வைத்தது
எனக்கு வேறொருவர் வாயால் வந்தது.
ஞாயிறு முழுக்கக் கதைத்தோம். பிறகு கதைக்கவில்லை.
பந்து மணலில்.
அதை அங்கே போட்டது நான்தான்.
அடி இவருடையது.
திங்கள். செவ்வாய்.
ரீவியைப் போட்டுப் பார்ப்பேன்:
காற்று இடப்பக்கம் ஆறு, கொடி ஆடுகிறது,
மீசைக்காரன் மணலில் காலை மாற்றி மாற்றி நிற்கிறான்.
எனக்காக இல்லாவிட்டாலும்
அவனுக்காகவாவது அடித்திருக்கலாம்.
கரண்டுக் காசை நினைத்து ஒருநாள்
பச்சைப் பொட்டுக்குப் பக்கத்துப் பொத்தானில் விரலை வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.

வியாழன் இரவு
பந்து குழியின் விளிம்பில்.
ஒரு சாண் இருக்கும்.
அந்த மணலிலிருந்து, இவருடைய கையால்!
மேசையில் துண்டு ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை.
கழுவிக் கவிழ்த்த கோப்பை, வழக்கம்போல.

அன்றிரவு அடிக்கவில்லை.
காலை வரை வைத்திருந்தேன்.
இவர் வந்து படுத்து, அறைக்கதவு பாதி சாத்தியிருக்க
தலைவாரியபடியே கொன்ட்ரோலரை எடுத்தேன்.
குழந்தையும் தட்டிவிடும் பந்து.
மூன்றாவது அமத்தலில் தொங்குரயில் போனது,
கண்ணாடி அதிர்ந்தது.
பந்து விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு
மற்றப் பக்கம் போய் நின்றது.

சத்தத்தை முழுக்கக் குறைத்துத்தான் வைத்திருந்தேன்.
ஆனாலும் கேட்டது,
அறைக்குள்ளிருந்து, போர்வைக்குள்ளால்:
"ஷாடே."